முகூர்த்தத்துக்குள் முடித்த கார்

அந்தச் சங்கிலியைக் கண்டவுடன் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் வருவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. மெல்பேர்னில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள், அறுபத்தேழாம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங் கார் ஒன்றின் முன்னிருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அதன் தரையில் மல்லாந்து கிடந்தேன். ஒன்றரை வருடமாக நான் கட்டிக்கொண்டு மாரடித்த கார் அது. என் மனைவி அதற்கு வைத்த பெயர் இரண்டாந்தாரம். விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு நான் கராஜ் பக்கம் திரும்பினால் போதும், "இண்டைக்கு இரண்டாந்தாரத்துக்கு என்ன சீர் செய்யப்போறியள்?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது சிட்னியில். எண்பத்துமூன்றின் கடைசியில் வந்து இறங்கிய முதல் வாரம், பரமட்டா ரோட்டில், சிவப்பு விளக்கில் நின்ற பஸ்ஸுக்குள் நிற்கிறேன். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்து நின்றது. நின்றபடியே உறுமியது. அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, பஸ் கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கையால் கேட்டேன். அவ்வளவுதான், ஆள் முடிந்தது. கூட வந்தவர்கள் எல்லாம் வீடு வாங்கினார்கள், பிறகு இன்னொரு வீடும் வாங்கினார்கள். நான் கறள் பிடித்த இரும்பு வாங்கினேன். இந்த மஸ்டாங்குக்கு முன்னால் இரண்டு கார்களைப் பிரித்துப் பூட்டி, ஓடவைத்து, விற்றுமிருக்கிறேன்.

இதை வங்கரட்டாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் கண்டுபிடித்தேன். கறுப்புப் பெயின்ற் வெடித்துப் பொருக்காகக் கழன்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் கோழி அடைகிடந்தது. இடது முன்பக்கம் அப்படியே நசுங்கி உள்ளே போயிருந்தது. பண்ணைக்காரக் கிழவருக்கு அதை எவனோ எதற்கோ பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதற்கு முந்திய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. "எந்தக் குடிகாரன் கொண்டுபோய் மரத்தில விட்டானோ, அவனுக்குக் கோயில் கட்டவேணும், இல்லாட்டி இந்த விலைக்கு எனக்கு இது கிடைக்குமோ" என்று வீட்டுக்கு வந்து சிரித்தேன். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

நசுங்கிய பக்கத்தை வெட்டி எறிந்தேன். அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில் புதிய தகடுகள் வந்தன. எஞ்சினை இறக்கி, ஒவ்வொரு ஆணியாகக் கழுவி, திரும்பப் பூட்டி, அது முதல்தரம் உறுமிய அன்று பக்கத்து வீட்டு நாய் மதிலேறப் பார்த்தது. டாஷ்போர்டில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அடிபடாத இடம். ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றியதையும், மோதியதில் ஏதோ கழன்றிருக்கும், கடைசியாகப் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அந்தக் கடைசி நாள்தான் அது.

டாஷ்போர்டைக் கழற்றிப் பின்னுக்கு இழுத்துவிட்டு, கைவிளக்கை உள்ளே விட்டுப் பார்த்தால், சங்கிலி. மோட்டார்சைக்கிளில் பூட்டுகிற சங்கிலி. அறுந்து, ஒரு முனை வலப்பக்கப் பற்சில்லிலும் மறுமுனை இடப்பக்கப் பற்சில்லிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு மண்டைக்குள் பொறி பறந்தது. "எளிய நாயே!" என்று கத்தினேன். "விசரா! மொக்கா! உனக்கெல்லாம் ஆரடா ஸ்பானர் தந்தது?" இன்னும் கனக்கச் சொன்னேன், அச்சில் போட முடியாது.

மனைவி கையில் தேத்தண்ணியோடு கராஜ் வாசலில் வந்து நின்றாள். "ஆரோட சண்டை? இரண்டாந்தாரம் திருப்பி அடிச்சிட்டுதோ?"

"இஞ்ச வந்து பாரும்" என்று கூப்பிட்டேன். அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டில் அந்தக் காலத்தில் அதை வலப்பக்கத்துக்கு மாற்றாமல் ரோட்டில் விடமாட்டார்கள். ஒழுங்காக மாற்றுவதென்றால் சில்லைத் திருப்புகிற பெட்டியையே வலப்பக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். அது பெரிய வேலை. சில கள்ளர் என்ன செய்வார்கள் என்றால், பெட்டியை இடப்பக்கத்திலேயே விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் வலப்பக்கத்தில் பூட்டி, இரண்டையும் ஒரு சங்கிலியால் இணைத்து, மேலே டாஷ்போர்டை மூடிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

"சங்கிலி அறுந்தா?"

"அறுந்தா என்ன, ஸ்டியரிங் கையில சும்மா சுத்தும். கார் தன்ர பாட்டில போகும். இதைச் செய்தவன் மட்டும் என்ர கையில அம்பிடட்டும், அவன்ர கழுத்தில இதே சங்கிலியைப் போட்டு இறுக்குவன்."

அவளுக்கு நன்றாகக் காட்டவேண்டும் என்று விளக்கை எஞ்சினை மறைக்கிற சுவர்த்தகட்டுப் பக்கம் நகர்த்தினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, இதில பிள்ளையார் சுழி கிடக்கு. நம்மட ஆள்தான் ஆரோ!"

எட்டிப் பார்த்தேன். தகட்டில் ஊசிமுனையால் கீறிய ஒரு உ. அதன் கீழே இரண்டு கோடு. இரண்டாவது கோடு முதலாவதைவிடக் கொஞ்சம் நீளம்.

பள்ளிக்கூடத்துச் சோதனைத் தாளிலிருந்து வேலை விண்ணப்பம் வரை என் கை தானாகப் போடுகிற சுழி அது. இரண்டாவது கோட்டை இழுத்து நீட்டுவது என் பழக்கம். எங்கள் வீட்டிலேயே கலண்டரில், பால் வாங்கும் துண்டில், எல்லாவற்றிலும் கிடக்கிறது. அவளும் அதைத் தினமும் பார்க்கிறவள்தான். சிரிப்பு அவள் முகத்தில் மெல்ல மெல்ல நின்றுபோனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பயம் வந்தது. கராஜ் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்தாறில் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் வேலை செய்தேன். ஊரில் எஞ்சினியருக்குப் படித்தவன், இங்கே அந்தக் கடதாசியை ஒருவரும் திரும்பியும் பார்க்காத காலம். ஷெட்டின் முதலாளி வெள்ளைக்காரர், நல்ல மனிதர், தொழிலில் கறாரானவர். அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டியரிங் மாற்றுவதுதான் அங்கே வேலை. ஒழுங்காக, பெட்டி மாற்றித்தான் செய்வோம். நான் செய்த ஒவ்வொன்றிலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் சுழி போட்டேன். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனால் சுழி போடாமல் ஒரு வேலையைத் தொடங்க எனக்கு மனம் வராது.

ஒருநாள் ஒரு தமிழ் டொக்டர் வந்தார். அந்த ஷெட்டுக்குள் வந்த ஒரே தமிழர் அவர்தான். வெள்ளை மஸ்டாங், துறைமுகத்திலிருந்து நேரே கொண்டுவந்திருந்தார். தங்கச்சிக்குக் கலியாணம், மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் இந்தக் காரில்தான் ஏற்றவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தேவையான பெட்டி அமெரிக்காவிலிருந்து வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும் என்றார் முதலாளி. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, முகூர்த்தம் மூண்டு கிழமையில. ஐயர் குறிச்ச நாளை மாத்தேலாது. நீர் எங்கட ஆள், எப்பிடியாவது பாரும்."

எங்கட ஆள். அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடமாக ஒருவருக்கும் ஆளாக இல்லாமல் இருந்தவன் நான். முதலாளி இரண்டு கிழமை லீவில் போனார். நான் சங்கிலியைப் போட்டேன். வேறு ஷெட்டுகளில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தற்காலிகம்தானே, கலியாணம் முடிய ஒழுங்காக மாற்றிக் கொடுக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ரோட்டில் விட அனுமதி தரப் பரிசோதிக்க வந்தவர் காரின் அடியில் படுத்துப் பார்த்தார், டாஷ்போர்டைக் கழற்றச் சொல்லவில்லை. கார் போன அன்று டொக்டர் ஷெட் வாசலில் தேங்காய் உடைத்தார். "கலியாணம் முடிய ஒருக்காக் கொண்டு வாங்கோ ஐயா, ஒரு சின்ன வேலை மிச்சமிருக்கு" என்றேன். சங்கிலி என்ற சொல் என் வாயில் வரவேயில்லை.

அவர் வரவில்லை. கார் நன்றாக ஓடியது, ஏன் வருவார்? நானும் தேடிப் போகவில்லை. இரண்டு மாதத்தில் மெல்பேர்னில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. வந்துவிட்டேன். மறந்தும்விட்டேன். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரு நாளும் நினைவு வரவில்லை. ஒரு கெட்ட கனவுகூட வரவில்லை. என் வேலை என்ன தெரியுமா? வாகனப் பாகங்கள் ஏன் முறிகின்றன என்று பார்த்து அறிக்கை எழுதுவது. பதினேழு வருடமாக மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சோறு தின்றவன் நான்.

அதே கண்ணால் அந்தச் சங்கிலியைப் பார்த்தேன். முறிந்த கண்ணியின் முகத்தில் முக்கால்வாசி வழுவழுப்பாக, அலை அலையாகக் கோடு விழுந்திருந்தது. கால்வாசிதான் கரடுமுரடு. மோதி முறிந்தால் அப்படி இருக்காது. ஓட ஓட, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து, கடைசியில் ஒரு திருப்பத்தில் அறுந்திருக்கிறது. கார் எதிலோ மோதியதால் சங்கிலி அறுந்திருக்கலாம் என்று என்னைச் சமாதானப்படுத்த எனக்கு வழியே இல்லை. இதே முறிவை வேறு யாராவது அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"அப்ப, ஆர் ஓடினது?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போன பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு தேய்க்கிற மெஷினைக் கையில் எடுத்தேன். அந்தச் சுழியைத் தேய்த்து அழிக்க அரை நிமிடம் போதும். சங்கிலியைக் குப்பையில் போட்டால் ஒரு மனிதருக்கும் தெரியாது. மெஷினை ஓடவும் விட்டேன். அது சுற்றிக்கொண்டிருந்தது, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நிற்பாட்டினேன். நல்லவன் என்பதால் இல்லை. வாந்தி வந்தது.

எங்கள் சனத்துக்குள் ஒருவரைத் தேடுவது பெரிய வித்தையில்லை. சிட்னியில், டூங்கபியில் இருக்கிற என் கூட்டாளிக்கு, ஊரில் ஒன்றாகப் படித்தவனுக்கு, போன் எடுத்தேன். "மச்சான், எண்பத்தாறில ஒரு டொக்டர் வெள்ளை மஸ்டாங் வைச்சிருந்தார்..." என்று தொடங்க முன்பே அவன் பிடித்துக்கொண்டான்.

"ஓமடா, பிறகு கறுப்பு அடிச்சவர். அதைத்தானே அவற்ற மனிசி கொண்டுபோய் மரத்தில விட்டவ! எண்பத்தெட்டில, கட்டூம்பா மலைப்பக்கத்தால திரும்பி வரேக்க, வளைவில நேர விட்டிட்டா. டொக்டற்ற தங்கச்சி முன்சீட்டில இருந்தது. கால் ஒண்டு சரியில்லாமப் போச்சு, இப்பவும் பொல்லு ஊண்டித்தான் நடை. கனடாவுக்குப் போயிட்டுது. அண்ணன்ர மனிசியோட அண்டையில இருந்து கதையில்லை."

"அந்த அம்மா இப்ப?"

"இருக்கிறா. கார் தொடுறதில்லை. டொக்டர் கார்த் திறப்பே குடுக்கமாட்டார். பஸ்ஸும் ரெயினுந்தான். இஞ்ச பெட்டையள் கார் பழகேக்க நாங்கள் பகிடியாச் சொல்லுறது, டொக்டர் வீட்டு அன்ரி மாதிரி ஓடிப்போடாதை எண்டு." அவன் சிரித்தான். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா" என்று வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன். பதினைந்து வருடமாகிவிட்டது. கார் போய்விட்டது. கால் திரும்பி வராது. இப்போது போய்ச் சொன்னால் என் வேலை போகும், பெயர் போகும், கோர்ட் கேஸ் என்றும் வரலாம். யாருக்கு என்ன லாபம்? இப்படி ஒவ்வொன்றாக, எஞ்சினியர் மாதிரி, வரிசையாக அடுக்கினேன்.

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு தண்ணிப் பைப்பைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். "அந்த மனிசி பதினைஞ்சு வருசமா பஸ்ஸில போகுது. நீங்கள் இஞ்ச அதே காரை மினுக்கிக்கொண்டு இருக்கிறியள். வேற என்ன நான் சொல்ல?"

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னோடு அந்தக் குரலில் கதைத்ததில்லை. எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை சங்கிலியை ஒரு பழைய துவாயில் சுற்றி, எங்கள் சாதாரண யப்பான் காரில் வைத்துக்கொண்டு சிட்னிக்கு வெளிக்கிட்டேன். அவள் வழிக்குச் சோற்றுப் பார்சல் கட்டித் தந்தாள். ஒன்பது மணித்தியால ஓட்டம். ஒவ்வொரு வளைவிலும் என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது, அது பிடித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொரு தரமும் பார்த்தேன்.

அன்றிரவு கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டொக்டர் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். சின்ன உருவம். காலில் ஓட்டச் சப்பாத்து, தோளில் சந்தைப் பை. "இவர் உள்ள இருக்கிறார், இருங்கோ தம்பி. எனக்குப் பத்தேகால் பஸ் பிடிக்கவேணும், போட்டு வாறன்" என்று என்னை விலத்திப் படியிறங்கப் பார்த்தார்.

"அம்மா, நான் உங்களைத்தான் பார்க்க வந்தனான்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அவரைத் தேடி ஆட்கள் வருவது குறைவு போலிருக்கிறது.

டொக்டர் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக வெளுத்திருந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தவர், ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். "நீர் அந்த ஷெட்டில நிண்ட பொடியன் எல்லோ? இரும், இரும்! எத்தினை வருசம்!" எழும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோசத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவர் மேசைப்பக்கம் ஒரு கதிரையை இழுத்துப்போட்டார். அந்த அம்மா தோளில் பையோடு நிலைப்படியிலேயே நின்றார்.

நான் இருக்கவில்லை. துவாயை மேசையில் வைத்து விரித்தேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிய ஒரு வசனமும் வரவில்லை. கடைசியில் ஏதோ கொட்டினேன். இது உங்கள் காருக்குள் இருந்தது. நான் பூட்டினது. பூட்டக்கூடாதது. முகூர்த்தத்துக்கு முடிக்கவேண்டும் என்று குறுக்குவழியில் செய்தேன், உங்களிடம் சொல்லவில்லை. இதுதான் வளைவில் அறுந்தது. கார் இப்போது என்னிடம் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன்.

டொக்டர் விளங்காமல் சங்கிலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அம்மாவின் தோளிலிருந்து பை இறங்கியது. அவர் மேசைக்கு வந்தார். சங்கிலியைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"இது அறுந்தா ஸ்டியரிங்குக்கு என்ன நடக்கும் தம்பி?"

"சும்மா சுத்தும் அம்மா. பிடிமானம் இராது."

"எந்தப் பக்கம் திருப்பினாலும்?"

"எந்தப் பக்கம் திருப்பினாலும்."

அவர் இரண்டு கைகளையும் முன்னால் உயர்த்தினார். ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாதிரிப் பிடித்து, வெறுங்காற்றில் வலப்பக்கம் வேகமாகத் திருப்பினார். பிறகு இன்னும், இன்னும். கை போய்க்கொண்டேயிருந்தது.

"இப்பிடியோ?"

"ஓம் அம்மா. இப்பிடித்தான்."

ஒரு மெக்கானிக் இயந்திரத்தைப் படித்து விளங்கிக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்கு அது உடம்பிலேயே கிடந்திருக்கிறது, பதினைந்து வருடமாக.

"நான் சொன்னனான்" என்றார். குரல் உயரவேயில்லை. கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். "ஆஸ்பத்திரியில சொன்னனான். பொலிசுக்குச் சொன்னனான். உங்கட அம்மாவுக்குச் சொன்னனான், அவ சாகேக்கையும் சொன்னனான். உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்? நான் திருப்பினனான், அது திரும்பேல்லை எண்டு."

"உமக்குத் தலையில அடி" என்றார் டொக்டர். "தலையில அடிபட்ட ஆக்கள் நடக்காத விசயமெல்லாம் நடந்ததெண்டு நம்புவினம். நான் எத்தினை பேரைப் பாத்தனான்..." அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. பிறகு அந்த அதிர்ச்சி முழுவதும் என் பக்கம் திரும்பியது. எழும்பி என் சட்டையைப் பிடித்தார்.

"சின்ன வேலை எண்டுதானேடா சொன்னனீ! சின்ன வேலை எண்டுதானே!"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் சொன்னனான்."

"உன்னைக் கோட்டுக்கு இழுப்பன். உன்ர பேரை நாறடிப்பன். என்ர தங்கச்சின்ர கால், டேய்!"

"இழுங்கோ ஐயா. நான் வந்து சொல்லுறன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் என் சட்டையை இன்னும் இறுக்கினார்.

"விடுங்கோ" என்றார் அந்த அம்மா. "நீங்கள் ஆம்பிளையள் பிறகு சண்டை பிடியுங்கோ. எனக்கு இப்ப வேலை கிடக்கு."

சுவரோரம் போன் இருந்தது. அந்த அம்மா அதனருகில் போய் நின்று, நம்பரை அழுத்தத் தொடங்கினார். நீளமான நம்பர், வெளிநாட்டு நம்பர். பக்கத்தில் கிடந்த புத்தகத்தை அவர் திறக்கவில்லை. ஒரு இடத்திலும் விரல் தடுமாறவில்லை. டொக்டர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கச்சிக்கு எடுப்பாராம், பிற்பாடு கேள்விப்பட்டேன். தன்னோடு கதைக்காத ஒருவரின் நம்பரை, கணவரின் விரலைப் பார்த்துப் பார்த்தே பாடமாக்கியிருக்கிறார்.

"கனடாவில இப்ப பின்னேரம். வீட்டில நிப்பா" என்றவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "நான் கதைச்சா வைச்சிடுவா. நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு இப்ப சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாங்கவும் அடிவாங்கவும் கோர்ட்டில் நிற்கவும் ஆயத்தமாக வந்தவன், அந்தக் காலுக்குரியவரோடு கதைக்கவேண்டும் என்று மட்டும் ஒரு கணம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்தேன். அவர் கதிரையில் சரிந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ? அண்ணாவோ?"

"இல்லைத் தங்கச்சி. உங்களுக்கு என்னைத் தெரியாது" என்றேன். "நான் அண்ணன்ர காருக்கு ஸ்டியரிங் பூட்டினவன். அது என்ர பிழையால அறுந்தது. உங்கட மச்சாள் திருப்பினவ, கார்தான் திரும்பேல்லை. அவவில ஒரு பிழையுமில்லை."

அந்தப் பக்கம் எங்கோ தூரத்தில் ரெலிவிஷன் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் யாரோ நிற்பாட்டினார்கள். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"மச்சாள் அதில நிக்கிறாவோ?"

நான் ரிசீவரை அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே, சுவரோரம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். ரிசீவருக்குள் அந்தக் குரல் "மச்சாள், மச்சாள்" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. நான் குனிந்து அவருடைய காதில் அதைப் பிடித்தேன்.